புதையல் என்று ஒருவர் வந்து சொன்னால்: பர்மாத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சோதனை வழிகாட்டி

ரங்கூனிலோ பெகுவிலோ மோல்மேனிலோ பழைய வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. "செட்டியார் ஊரை விட்டுப் போகும்போது புதைத்த தங்கம் இந்த மனையில் இருக்கிறது" என்பார் ஒருவர். "ஜப்பான்காரன் விட்டுப்போன பெட்டி, இடம் எங்களுக்குத் தெரியும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், "எடுத்தாகிவிட்டது, விற்றுக் கொடுக்க நம்பிக்கையான ஆள்தான் வேண்டும்" என்பார். கதை எதுவாக இருந்தாலும் கடைசியில் கேட்பது உங்கள் காசு. நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. வீட்டுத் தளத்தையே பெயர்த்து, சுவர் விரிசல் விட்டு நிற்பவர்களும் உண்டு.

புதையலே கிடைக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய நாணயப் பானை பல ஊர்களில் கிடைத்திருக்கிறது. ஆனால் இருக்கிறது என்று சொல்கிறவர்தான் காட்ட வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல. சோதிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. செலவே இல்லாதது முதலில்: கேள்வி, கணக்கு, பழைய தாள். அடுத்துத் தராசு. அதற்குப் பிறகு கருவி. மண்வெட்டி கடைசி.

முதல் வேலை: எழுதி வாங்குவது

வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்க முடியாது. ஒரு தாளில், தேதி போட்டு, அவர் கையெழுத்தோடு இவ்வளவும் எழுதி வாங்குங்கள். பொருள் என்ன, தங்கமா வெள்ளியா, கட்டியா நாணயமா. எத்தனை, அல்லது எத்தனை வீசை. இடம் எது: "மாமரத்தடி" என்றால் போதாது, வீட்டின் வடகிழக்கு மூலையிலிருந்து இந்தப் பக்கம் இத்தனை அடி என்று இருக்க வேண்டும். ஆழம் எத்தனை அடி. யார் வைத்தது, எந்த ஆண்டு. இவருக்கு எப்படித் தெரியும்: தானே பார்த்தாரா, பார்த்தவரிடம் கேட்டாரா, கேட்டவரிடம் கேட்டாரா.

கடைசியாக ஒரு கேள்வி. எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம்: "இந்த இடத்தில் இந்த ஆழம் தோண்டி ஒன்றும் இல்லையென்றால், புதையல் இல்லை என்று ஒத்துக்கொள்வீர்களா?" நேர்மையாக நம்புகிறவர் ஒத்துக்கொள்வார். ஏமாற்ற வந்தவர் இந்த இடத்தில்தான் நழுவுவார். பூஜை குறைந்துவிட்டது, காவல் ஆவி நகர்த்திவிட்டது, நாள் சரியில்லை என்று வழி வைத்துக்கொள்வார். புதையல் காக்கும் ஆவியான ஒக்சாசவுங் பற்றிய நம்பிக்கை பர்மியர் நடுவில் பழையது. நம்மவர் முனீஸ்வரன் காவல் என்று சொல்வதும் அப்படித்தான். அந்த நம்பிக்கையோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் எந்தக் குழியாலும் பொய்யாக்க முடியாத ஒரு பேச்சுக்குக் காசு கொடுக்கக் கூடாது.

எழுதி வாங்குவதற்கு இன்னொரு காரணம், இந்தப் பேச்சு நகரும். மூன்றடி ஆறடியாகும், ஆறடி பன்னிரண்டாகும். கிணற்றடியில் இருந்தது பக்கத்து மனைக்குப் போகும். முதல் தாள் கையில் இருந்தால் நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

தங்கம் எவ்வளவு கனம் என்பது, அதைக் கட்டியாகத் தூக்கிப் பார்க்காத யாருக்கும் சரியாகத் தெரியாது. பொய்க் கதைகள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. தூய தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஈயம் 11.3, வெள்ளி 10.5, பித்தளை சுமார் 8.5, இரும்பு 7.9.

23 × 11 × 7 செ.மீ. அளவுள்ள ஒரு செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு 1,771 கன செ.மீ. அந்த அளவில் பித்தளைக் கட்டி என்றால் 15 கிலோ. ஈயம் என்றால் 20 கிலோ. தங்கம் என்றால் 34 கிலோ. வந்தவர் "தங்கச் செங்கல்" என்று தோள்பையிலிருந்து ஒற்றைக் கையால் எடுத்து மேசைமேல் வைத்தால், வேறு சோதனையே வேண்டியதில்லை.

பெட்டி நிறையப் பவுன், அதாவது பிரிட்டிஷ் தங்கக் காசு, என்பார்கள். 60 × 40 × 30 செ.மீ. இரும்புப் பெட்டியின் கொள்ளளவு 72 லிட்டர். நாணயங்களைக் கொட்டி வைத்தால் நடுவில் இடைவெளி விழும். ஆறு பங்கு உலோகம், நாலு பங்கு காற்று என்று வைத்துக்கொண்டாலும் 43 லிட்டர் தங்கம். 22 காரட்டுக்கு 17.6 என்று போட்டால் 760 கிலோ வரும். ஒரு பவுன் காசு 7.98 கிராம், ஆக 95,000 காசுகள். "இரவோடு இரவாக நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள்" என்றால் ஆளுக்கு 190 கிலோ. அரிசி மூட்டை தூக்கிப் பழகிய எந்தத் துறைமுகக் கூலியிடமும் கேட்டுப் பாருங்கள், முடியுமா என்று.

பெரிய இடத்து ஆட்களும் இந்தக் கணக்கைப் போடாமல் மாட்டியிருக்கிறார்கள். 2001 ஏப்ரலில் தாய்லாந்தின் காஞ்சனபுரியில், லிஜியா குகைக்குள் ஜப்பானியர் விட்டுப்போன தங்க ரயில் இருக்கிறது என்று ஒரு செனட்டர் சொல்ல, பிரதமர் தக்‌சின் ஷினவத்ராவே நேரில் போய்ப் பார்த்தார். பேச்சில் அடிபட்ட அளவு 2,500 டன். அது ஏறக்குறைய அந்தக் காலத்தில் உலகச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் எடுத்த தங்கம். வண்டிக்குப் பத்து டன் என்றால் 250 சரக்குப் பெட்டிகள். தங்கம் வரவில்லை, ஆதாரமாகக் காட்டிய அமெரிக்கக் கடன் பத்திரங்களும் போலி என்று தெரிந்தது. அந்தப் பகுதியைக் கடந்துதான் 1942-43 சயாம் மரண ரயில் பாதை நம் தன்பியூசயாட் வரை வந்தது. மலாயாவிலிருந்து பிடித்து வரப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதன் ஓரத்தில் செத்தார்கள். அந்த மண்ணைப் புதையல் ஆசையில் கிளறுவதைப் பற்றிப் பேசும்போது இதையும் மறக்கக் கூடாது.

தாளைத் தேடுங்கள்: மிங்கலாடோன் விமானங்கள்

பர்மாவில் நடந்ததிலேயே நன்றாகச் சோதிக்கப்பட்ட புதையல் பேச்சு இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

டேவிட் கண்டால் என்ற ஆங்கில விவசாயி பல ஆண்டுகள் சேகரித்த சாட்சியங்களை வைத்து ஒன்று சொன்னார்: 1945-இல் பிரிட்டிஷ் படை, பிரிக்காத பெட்டிகளில் இருந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களை ரங்கூனின் மிங்கலாடோன் விமானத்தளத்தில் புதைத்துவிட்டது. மிங்கலாடோனில் மட்டும் 36 என்றார். மிச்சீனாவையும் சேர்த்துச் சொன்னார். 2012 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் இங்கே வந்தபோது அதிபர் தெய்ன் செய்னிடமே இந்தப் பேச்சு போனது. வார்கேமிங் என்ற கணினி விளையாட்டு நிறுவனம் செலவை ஏற்றது. 2013 ஜனவரியில் தொல்லியலாளர்களோடு வந்து தோண்டினார்கள்.

சாட்சிகள் இருந்தார்கள். நிலத்தடி அளவீட்டில் உலோகம் காட்டும் இடங்களும் இருந்தன. கேட்பவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் பழைய விமானத்தளம் ஒன்றின் அடியில் உலோகம் இருப்பது அதிசயமே இல்லை. தோண்டிய இடத்தில் வந்தவை மின்கம்பிகளும் குழாய்களும். மிச்சீனாவில் ஒரு பெட்டி தெரிகிறது என்று செய்தி வந்தது. உள்ளே சேற்றுத் தண்ணீர். பிப்ரவரியில் வார்கேமிங் வெளிப்படையாக அறிவித்தது: அங்கே ஸ்பிட்ஃபயர் புதைக்கப்படவில்லை.

பேச்சைத் தீர்த்தது குழி மட்டும் அல்ல, தாள். ரங்கூன் துறைமுகத்தில் விமானச் சரக்கு இறக்கிய 41-ஆவது கப்பலேற்றப் பிரிவின் பதிவேடுகளில், 1945-46-இல் மூன்று கப்பல்களில் மொத்தம் 37 விமானங்களே வந்ததாக இருக்கிறது. அவற்றில் ஸ்பிட்ஃபயர் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவை 1946 இலையுதிர்காலத்தில் திரும்பக் கப்பல் ஏறியிருக்கின்றன. வராத பொருளை எப்படிப் புதைப்பது? இந்த ஒரு பதிவேட்டை முதலில் பார்த்திருந்தால் மண்வெட்டியே தேவைப்பட்டிருக்காது.

கணக்கும் இதையேதான் சொல்கிறது. ஸ்பிட்ஃபயர் உடல் சுமார் பத்து மீட்டர் நீளம். பெட்டிக்கு இரண்டு மீட்டர் அகலம் என்று குறைத்தே வைத்தாலும், 36 பெட்டி பக்கம் பக்கமாகப் படுக்க 720 சதுர மீட்டர் பள்ளம் வேண்டும். சொன்ன ஆழம் பத்து மீட்டர் வரை. 7,200 கன மீட்டர் மண். ஐந்து கன மீட்டர் பிடிக்கும் லாரியில் 1,440 நடை. போர் முடிந்த கையோடு, ஆளும் எந்திரமும் பற்றாத நேரத்தில், ரங்கூன் மழையில், இந்த வேலையை யாரும் குறித்து வைக்காமல் செய்தார்கள் என்று நம்ப வேண்டும்.

உங்கள் வீட்டுக் கதைக்கும் இதே கேள்விகளைப் போடுங்கள். சொன்ன ஆண்டில் அந்த வீடு இருந்ததா, யார் பெயரில்? பழைய பத்திரம், நகராட்சி வரிச் சீட்டு, கோயில் நன்கொடைக் கல்வெட்டு, குடும்பத்துப் பழைய கணக்குப் புத்தகம் எல்லாம் சாட்சிதான். புதைத்தவராகச் சொல்லப்படுபவர் அந்தத் தேதியில் ஊரில் இருந்தாரா? 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன்மேல் முதல் பெரிய குண்டுவீச்சு. 1942 மார்ச் தொடக்கத்தில் நகரம் ஜப்பானியர் கையில். "1943-இல் மொகல் தெருக் கடையில் செட்டியார் இருந்து புதைத்தார்" என்றால் அவர் அப்போது எங்கே இருந்தார் என்பதை அவர் ஊர்க் குடும்பத்தாரிடம் ஒரு போனில் கேட்டுவிடலாம்.

செட்டியார் தங்கம், பழைய காசு

செட்டியார் சொத்து என்பது பெட்டியில் பூட்டிய தங்கம் என்ற எண்ணமே தவறு. இன்று ஷ்வேபோந்தா தெரு என்று சொல்லும் மொகல் தெருவில் கிட்டங்கி என்ற தொழிலிடம் வைத்து அவர்கள் நடத்தியது வட்டித் தொழில். பணம் கடனாக வெளியே இருந்தது. 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்தது. 1948 நில நாட்டுடைமைச் சட்டத்தில் போனதும் அந்த நிலம்தான். கையில் நகை இருந்தவர்கள் அதை விட்டுவிட்டுப் போகவும் காரணம் குறைவு. 1942-இல் அரக்கான் வழியும் தாமு வழியும் இந்தியாவுக்கு நடந்தவர்கள் சட்டியையும் பெட்டியையும் விட்டார்கள். இடுப்பில் கட்டிக்கொள்ள முடிந்த தங்கத்தைக் கடைசி வரை விடவில்லை. புதைத்தவர் யாருமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. புதைத்திருந்தால் கனமும் பருமனும் மிகுந்த வெள்ளி ரூபாய், பாத்திரம், பத்திரம் போன்றவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆகவே காசைக் காட்டினால் தேதியைப் படியுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும்.

1942-இல் புதைத்த பானையில் அதற்குப் பிந்திய காசு இருக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். ஆனால் பலர் ஏமாந்தது இதில்தான். பின்பக்கம் புலி நிற்கும் ஜார்ஜ் மன்னர் காசு 1946, 1947 ஆண்டு அச்சு. அதுவும் நிக்கல், வெள்ளியே இல்லை. காந்தத்தில் ஒட்டும். அது ஒன்று கலந்திருந்தால் பானைக் கதை முடிந்தது. வெள்ளி ரூபாய் 1939 வரை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் பாதி வெள்ளிதான்.

பவுனில் இன்னும் தெளிவு. 1932-க்குப் பிறகு புழக்கத்துக்கான பவுன் 1957 தேதியோடுதான் மறுபடி வந்தது. நடுவில் 1937, 1953 முடிசூட்டுகளுக்காகச் செய்த சில மட்டுமே உண்டு. "1940 பவுன்" என்று குவியலாக யாராவது காட்டினால், அது எந்த அரசு நாணயச் சாலையும் அடிக்காத காசு.

மயில் போட்ட மின்டோன் மன்னர் கியாட்டுக்கும் வெள்ளி ரூபாயின் எடையேதான், 11.66 கிராம். அதில் போலி நிறைய. விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினால் வார்ப்பின் கோடு தட்டுப்படும். மயில் இறகில் கோடுகள் மழுங்கி இருக்கும். வெற்றிடத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். இவை அச்சடித்த காசில் வராது, அச்சில் வார்த்ததில் வரும். தேய்ந்த காசின் எடை ஒரு கிராமில் சில பங்கு குறைந்திருக்கலாம், அதிகமாக இருக்க முடியாது.

நோட்டுக் கட்டு காட்டினால் அதற்கு இன்று வாங்கும் சக்தி கிடையாது. ஜப்பானிய ஆட்சியின் ரூபாய் நோட்டு போரோடு செத்தது. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகளும், 1985-இல் 20, 50, 100-ம், 1987-இல் 25, 35, 75-ம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. "வங்கியில் ஆள் வைத்து மாற்றித் தருகிறோம், கமிஷன் முன்பணம்" என்பது முழுப் பொய்.

கையில் கொடுத்த பொருளை எடைபோடுவது

சமையலறைத் தராசும் ஒரு பாத்திரம் தண்ணீரும் போதும். ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, நூல், பொருள் முழுக மூழ்கும் அளவு பாத்திரம்.

முதலில் பொருளைக் காய்ந்தபடி எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, கையால் பிடித்தபடி தண்ணீருக்குள் முழுவதும் இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது, தொங்க வேண்டும். இப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் பொருளின் கன செ.மீ. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

எடுத்துக்காட்டு: 100 டிக்கல் கொண்ட பர்மா வீசை சுமார் 1,633 கிராம். ஒரு வீசைத் தங்கம் என்று கொடுத்த கட்டி தண்ணீரில் 190 காட்டினால் 1,633 ÷ 190 = 8.6. பித்தளை. தூய தங்கமாக இருந்தால் 85-க்குள் காட்டியிருக்கும்.

தவறு எங்கே வரும்? காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைத்துக் காட்டும். தண்ணீருக்குள் ஒருமுறை குலுக்குங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தாலும் குறையும். கட்டி அடியில் பட்டால் எண் எகிறும். ஒரே ஒரு பவுன் காசைச் சமையல் தராசில் போடாதீர்கள்: அதன் தண்ணீர் எண் 0.45 கிராம்தான், ஒரு கிராம் தராசுக்கு அது தெரியவே தெரியாது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும்.

அடர்த்தி எல்லாவற்றையும் பிடிக்காது. வெள்ளியும் ஈயமும் பக்கத்துப் பக்கத்து எண்கள். 2015-இல் மடகாஸ்கர் அருகே செயின்ட் மேரி தீவுக் கடலில், கடற்கொள்ளையர் கேப்டன் கிட்டின் புதையல் என்று சுமார் 50 கிலோ "வெள்ளிக் கட்டி" ஒன்றைக் கடலடித் தேடலாளர் பாரி கிளிஃபோர்ட் எடுத்துக் காட்டினார். உலகமே செய்தி போட்டது. யுனெஸ்கோ நிபுணர்கள் சோதித்தபோது 95 சதவீதம் ஈயம். கப்பல் என்று சொன்னதும் பழைய துறைமுகக் கட்டுமானத்தின் இடிபாடு. ஈயத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்: நகத்தால் அழுத்திக் கீறினால் தடம் விழும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் கோடு போடும். வெள்ளி இரண்டும் செய்யாது.

தங்கத்தில் டங்ஸ்டன் ஒன்றுதான் அடர்த்தியில் ஏமாற்றும், அது 19.3-க்கு மிக அருகே. மேலே தங்கம் பூசிய கட்டி உரைகல்லிலும் தப்பும், கடைகளில் இருக்கும் ஊடுகதிர்க் கருவியிலும் தப்பும். இரண்டுமே மேற்பரப்பைத்தான் பார்க்கின்றன. துளைபோட்டுப் பார்க்க வேண்டும். துளை போடும் இடத்தை நீங்கள் காட்டுங்கள், அவர் அல்ல. பத்தரும் உங்கள் பத்தராக இருக்கட்டும்.

இதில் ஒரு பழைய தந்திரம் உண்டு. அவரே கட்டியின் ஓரத்தை அறுத்து, தூளைக் காகிதத்தில் மடித்து, "எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள்" என்று கொடுப்பார். பத்தர் பார்த்தால் அசல் தங்கம்! மடித்த காகிதம் மாறியிருக்கும், அல்லது அறுத்த ஓரம் மட்டும் தங்கமாக ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அறுப்பதும் மடிப்பதும் எடுத்துப் போவதும் உங்கள் கையில் நடக்காவிட்டால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

கருவி கொண்டு வந்தால்

சாதாரண உலோகம் காட்டும் கருவி, காசு அளவுப் பொருளை ஒரு முழத்துக்குள்தான் பிடிக்கும்; அதுவும் ஒரு சாண் என்றால் உறுதி. பெரிய இரும்புப் பெட்டியை ஒரு மீட்டர், நல்ல கருவி என்றால் அதற்குச் சற்று மேல். "இருபது அடியில் தங்கம் காட்டுகிறது" என்பது கருவியின் வேலை அல்ல. ரங்கூன் சுற்றுவட்டாரச் செம்பாறையில் இரும்பு அதிகம், வெறும் கல்லுக்கே கருவி கத்தும்.

நிலத்தடி ராடார் ஈரக் களிமண்ணில் அலை செத்துப்போய் ஒரு மீட்டரைத் தாண்டவே திணறும். திரையில் வருவது வளைந்த கோடு. அது குழாயாகவும் இருக்கலாம், வேராகவும் இருக்கலாம். தங்கம் என்று மஞ்சள் நிறத்தில் காட்டும் திரை எதுவும் நிஜமல்ல.

போனில் இறக்கிக் காட்டும் உலோகம் தேடும் செயலி, போனில் உள்ள காந்த உணரியை வைத்து ஓடுகிறது. தங்கம் காந்தத்துக்குப் படியாது. உங்கள் தாலியைப் போன்மேல் வையுங்கள், எண் அசையாது. இரும்புச் சாவியை வையுங்கள், குதிக்கும். அவர் கண் முன்னாலேயே செய்து காட்டலாம்.

கையில் பிடித்தால் தானே திரும்பும் கம்பி, நீண்ட தூரத் தங்கம் தேடி என்று விற்கப்படும் கைப்பிடி எல்லாம் ஒரே இனம். ஈராக்கில் வெடிகுண்டு தேடும் கருவி என்று விற்கப்பட்ட ஏ.டி.இ. 651-உம் இப்படித் திரும்பும் கம்பிதான். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை அடியொற்றிச் செய்தது. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டனில் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. ஆட்கள் செத்திருக்கிறார்கள் அதை நம்பி.

கம்பிக்காரர் நேர்மையாகவே நம்பலாம். கை நுண்ணியதாக அசைவது அவருக்கே தெரியாது. ஆகவே சண்டை வேண்டாம், சோதனை வையுங்கள். ஒரே மாதிரி பத்து பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். முதலில் எந்த வாளியில் நகை என்று காட்டிவிட்டே கம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள். திரும்பினால் "இன்று கம்பி வேலை செய்யவில்லை" என்று பிறகு சொல்ல வழியில்லை. அடுத்து அவரை வெளியே அனுப்புங்கள். ஒருவர் சீட்டுக் குலுக்கி எண் எடுத்து, அந்த வாளிக்கடியில் நகையை வைத்துவிட்டு, பின்வாசல் வழியே போய்விட வேண்டும். அவருடைய முகம்கூடக் கம்பிக்காரர் கண்ணில் படக் கூடாது. எங்கே என்று தெரியாத வேறு ஒருவர் கம்பிக்காரரோடு உள்ளே வந்து அவர் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். பத்து முறை. முடியும் வரை சரியா தவறா என்று சொல்லாதீர்கள். கண்ணை மூடிச் சொன்னாலே பத்தில் ஒன்று சரியாக வரும். பத்தில் நாலு அல்லது மேலே குருட்டாம்போக்கில் வருவது நூற்றில் ஒருமுறைதான். ஐந்து வந்தால் மறுநாள் மறுபடி செய்யுங்கள், அப்போதும் வந்தால் உண்மையிலேயே விஷயம் இருக்கிறது.

"பார்த்தோம்" என்பது போதுமா

தம்மசேதி மன்னரின் மணிக்கதை எல்லோருக்கும் தெரியும். பதினைந்தாம் நூற்றாண்டில் வார்த்து ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவில் தொங்கியது. மரபாகச் சொல்லும் எடை 1,80,000 வீசை, ஏறக்குறைய 294 டன். 1583-இல் வந்த வெனிஸ் வணிகர் காஸ்பரோ பால்பி அதை அளந்து, ஏழு தப்படியும் மூன்று கையகலமும் என்று எழுதினார். 1608-இல் சிரியம் ஊரிலிருந்த போர்த்துகீசியர் பிலிப் த பிரிட்டோ எடுத்துப் போகும்போது பெகு ஆறும் ரங்கூன் ஆறும் சேரும் இடத்தில் மூழ்கியது என்பது வரலாறு. அதனால் மணி இருந்தது என்பதில் சந்தேகமில்லை. இன்னார் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது வேறு பேச்சு. 2014-இல் கூடக் கிடைத்துவிட்டது என்று செய்தி பரவி, கரையில் கூட்டம் கூடியது. மணி மேலே வரவில்லை.

அந்த ஆற்றில் முக்குளிப்பவர் தன் கையையே பார்க்க முடியாது, தடவித்தான் பார்ப்பார். ஆகவே "கை பட்டது" என்பதைச் சாட்சியாக எடுக்கக் கூடாது. கேட்க வேண்டியவை: வரைபடத்தில் குறிக்கக்கூடிய இடம், ஒலியலைப் பதிவின் மூலக் கோப்பு, சம்பந்தமே இல்லாத இன்னொரு குழு அதே இடத்தில் இறங்கிச் சொல்லும் அறிக்கை, சுரண்டி எடுத்த வெண்கலத் துணுக்கின் ஆய்வு. 1825-இல் பிரிட்டிஷ் படை கொண்டுபோக முயன்று இதே ஆற்றில் நழுவவிட்ட 23 டன் சிங்குமின் மணியைப் பர்மியர்கள் மீட்டார்கள். அது இன்றும் ஷ்வேடகோனில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் போய்த் தட்டிப் பார்க்கலாம்.

காசு கேட்கும் வழிகள்

பூஜைச் சாமான், பாதரசம், கறுப்பு ஆடு, அதிகாரிக்கு, வாடகைக் கருவிக்கு, வாங்குகிறவர் தங்கும் விடுதிக்கு. தொகை சிறிதாகத் தொடங்கும். கொடுத்தது வீணாகக் கூடாதே என்று அடுத்ததையும் கொடுப்பீர்கள். அதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார். இதற்கு ஒரே பதில்: "செலவு உங்களுடையது. கிடைத்தால் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள்." நம்பிக்கை உள்ளவர் யோசிப்பார், மற்றவர் அன்றே மறைவார். "யாரிடமும் சொல்லாதே, சொன்னால் மறைந்துவிடும்" என்றால் அன்று மாலையே வீட்டில் எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர் நம்பிவிட்டால் அவரை மடக்கிப் பேசாதீர்கள். "தாத்தா, எழுதி வாங்கிவிட்டுக் கொடுக்கலாம்", "அத்தை, நம்ம பத்தர் ஒரு தடவை பார்க்கட்டும்" என்று சோதனையை அவர் கையிலேயே கொடுங்கள்.

உண்மையிலேயே ஏதாவது தட்டுப்பட்டால்

மண்வெட்டியில் உலோகம் பட்டால் நிறுத்துங்கள். இந்த நாட்டு மண்ணில் போர்க்காலக் குண்டு இன்னும் கிடக்கிறது. உருளையாக, வால் இறகோ மூக்குத் திருகோ தெரிந்தால் தொடாமல், தட்டாமல், குழந்தைகளை விலக்கிவிட்டு வார்டு நிர்வாகியிடமும் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள்.

பானையோ காசோ என்றால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். ஒட்டிய மண்தான் அது அங்கே இருந்ததற்குச் சாட்சி. பக்கத்தில் அளவுகோல் வைத்து, எடுப்பதற்கு முன்பே பல கோணத்தில் படம் எடுங்கள். எத்தனை அடி ஆழம், எந்த மூலையிலிருந்து எவ்வளவு என்று எழுதுங்கள். 2015 தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட உரிமையாளர் இல்லாத பொருள் கிடைத்தால் வார்டு அல்லது கிராம நிர்வாகிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 1942-இல் புதைத்த பானைக்குள்ளும் விக்டோரியா காலத்துக் காசு இருக்கலாம், அதனால் தேதி பார்த்து நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. தெரிவித்த தேதியையும் பெற்றுக்கொண்டவர் பெயரையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டவர்கள்: மீதியைக் கொடுத்தால் பழையது திரும்பும் என்ற பேச்சை அன்றோடு நிறுத்துங்கள். போனில் பணம் அனுப்பிய பதிவு, குறுஞ்செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காமல் வேறொரு போனுக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள். கொடுத்த "தங்கத்தை" உருக்கிப் பார்க்க வேண்டாம். கொடுத்த பையோடு, கொடுத்த துணியோடு, அப்படியே மூடி வைத்து, முதல் நாள் எழுதி வாங்கிய தாளையும் சேர்த்துப் புகாரோடு காட்டுங்கள்.